ரயில் நிலையம் மட்டும் பாக்கி

பெரியவள் குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டே, போகிற போக்கில் சோப்பின் மேல் இரண்டு கை தண்ணீர் தெளித்தாள். இன்றைக்கும் சோப்பு போடவில்லை, வெறும் தண்ணீர்தான். ஆனால் அடுத்துக் குளிக்க வரும் தங்கையின் கண்ணுக்கு அது நனைந்து தெரிய வேண்டுமே. ஐம்பதை நெருங்குகிற வயதில், தொலைபேசியில் ஊருக்கே தைரியம் சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, சொந்தக் குளியலறையில் திருட்டுப் பூனை மாதிரி நின்று சோப்புக்குத் தண்ணீர் காட்டுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? மேல் அலமாரியில் புதுச் சோப்பு ஒன்று அதன் அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அந்தப் பெட்டிதான் விஷயம். கீழே இருக்கும் சோப்பு தீர்ந்தால் அதைத் திறக்க வேண்டும். திறந்தால் பெட்டி காலியாகும். காலியானால் ரயில் நிலையத்தைக் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் தங்கை போய்விடுவாள்.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஓர் ஊர் இருந்தது. அதனால் அக்காவும் தங்கையும் வருடக்கணக்காகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். தேயிலைப் பெட்டி பள்ளிக்கூடமாகியிருந்தது, மாத்திரைப் பெட்டிகள் ஒரு தெரு முழுக்க ஓட்டு வீடுகளாகியிருந்தன, தீப்பெட்டிகள் ஆற்றங்கரைப் படிகள். ஆறு என்பது தேயிலைப் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளித்தாள். பற்பசைப் பெட்டியை நெடுக்காகக் கீறினால் தண்டவாளம். கத்தரிக்கோல் பெரியவள் கையில். பெட்டியை ஒட்டிய இடத்தில் பிரித்து, உள்ளே இருக்கும் சாம்பல் நிறத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்து ஒட்டுவாள். சின்னவளுக்கு அலங்காரம். வண்ணப் பேனாவால் சுவரெல்லாம் கொடி படரவிடுவாள், கூரைக்கு ஓடு வரைவாள், பிஸ்கட் உறையின் கண்ணாடித்தாளை வெட்டி ஜன்னல்களுக்கு ஒட்டுவாள். சாயங்கால வெயில் அந்த ஜன்னல்கள் வழியே புகுந்து வெளியேறும்போது ஒவ்வொரு வீட்டிலும் யாரோ விளக்கேற்றியது போல இருக்கும்.

ஊருக்கு ஒரே ஒரு சட்டம்தான். வீட்டில் புழங்குகிற பொருளின் பெட்டி மட்டுமே உள்ளே வரலாம். பெட்டிக்காக எதையும் வாங்கக் கூடாது, அவசரப்பட்டுத் திறக்கவும் கூடாது. சின்னவள் வேலை பார்ப்பது செருப்புக் கடையில். அங்கே காலிப் பெட்டிகள் மலையாகக் குவியும். ஒன்றைக்கூட அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. "எவரோ போட்டு நடக்கிற செருப்புக்கு நாம எதுக்குக்கா வீடு கட்டணும்?" என்பாள்.

பெரியவளுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் அவள் குரல்தான் கேட்கும். மதியங்களில் அழைப்பு குறைவு. அப்போது அவள் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கி மேஜை ஊருக்குள் போய்விடுவாள். வெள்ளி ஆறு சத்தமில்லாமல் ஓடும். கொடிகள் சுவரிலிருந்து இறங்கி வந்து காலைத் தொடும். எதிர்த் தெருவில் தங்கை கையாட்டுவாள், அவள் காலில் எப்போதும் செருப்பு இருக்காது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் மேஜை மூலையில் அது சட்டென்று நின்றுபோகும். அதற்கப்பால் வெறும் மரப்பலகை. அந்த ஊரைவிட்டு யாரும் போக வழியில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு அழைப்பு வரும், யாரோ மூச்சு வாங்குவார்கள், இவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாள்: "பயப்படாதீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க. கதவு திறந்துடும்."

கண்ணாடிக்காரர் வந்தது போன வருடம். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். சின்னவளிடம் செருப்பு வாங்கினார், அளவு சரியில்லை என்று மாற்ற வந்தார், மறுபடியும் வந்தார். மூன்றாம் முறை செருப்பு சரியாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வயதுத் தங்கையை இன்னும் 'பாப்பா' என்றே கூப்பிடுகிற பெரியவள், அந்தப் பாப்பா தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னபோது வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெறும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். "ஸ்டேஷன் மட்டும்தானே பாக்கி, அதைக் கட்டி முடிச்சதும் தேதி வெச்சுக்கலாம்" என்று சொன்னது சின்னவள்தான். சோப்பு கரைய மறந்தது அன்றைக்குத்தான்.

வருங்கால மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வரும்போது, ஊருக்கு உதவட்டும் என்று தன் கடையிலிருந்து காலிப் பெட்டிகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பெரியவள் நன்றி சொல்லி வாங்கிப் பழைய பேப்பரோடு வைத்துவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து ஊரைப் பார்த்தார். பேச உட்கார்ந்தபோது மட்டும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இங்க காத்து நல்லா வருதுங்க" என்றார். பெரியவள் ஒரு பெட்டியைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து எழுத்தைப் படிப்பதைப் பார்த்தவர், கிளம்புமுன் அவள் கண்ணைச் சோதித்தார். அடுத்த முறை வரும்போது நீளமான கெட்டி அட்டைப் பெட்டியில் ஒரு கண்ணாடி. விவரமான ஆள். பெரியவள் அதைத் திறக்கவே இல்லை.

அந்த வாரம் வேலையில் ஒரு தப்பு நடந்தது. திரையில் வந்த கட்டட எண்ணை அவள் மாற்றிப் படித்தாள். மெக்கானிக் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார். லிப்டுக்குள் இருந்த பெண்மணி முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், அப்புறம் பேசவே இல்லை. பெரியவள் இந்தப் பக்கத்திலிருந்து அதே மூன்று வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்த பிறகும் அந்த மௌனம் காதைவிட்டுப் போகவில்லை. என் கண் மங்கலானதற்கு இன்னொருத்தி உள்ளே கிடந்து தவிக்கணுமா என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

உலகம் திடீரென்று ஓரம் தைத்ததுபோல் ஆனது. முகம் கழுவலாம் என்று குளியலறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சோப்பின் மேல் அச்சிட்ட எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. தான்தான் தொடவில்லை, தங்கை தினமும் தேய்த்துக் குளிக்கிறாளே? தண்ணீரில் நனைந்து நனைந்து காய்ந்த சோப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன.

"பாப்பா, இங்க வா."

சின்னவள் வந்தாள். அக்காவின் முகத்தில் கண்ணாடியைப் பார்த்தாள், அக்கா கையில் சோப்பைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா நீ எதைப் போட்டுக் குளிக்கிற?"

"நீ எதைப் போட்டுக் குளிக்கிற?"

"நான் தினமும் தண்ணி தெளிச்சேன்."

"நானும்தான்."

சின்னவளுக்குத்தான் முதலில் உறைத்தது. "அக்கா… அவர் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாரே…" பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது சின்னவளின் சிரிப்பு மட்டும் தடம் மாறியது.

"நான் தண்ணி தெளிச்சது உனக்காகன்னு நெனச்சுக்காதே. எனக்குத்தான்கா பயமா இருக்கு. இந்த வயசுல போய், புது வீட்ல எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்குன்னு தேடிக்கிட்டு… அவர் நல்லவர்தான். அதான் இன்னும் பயமா இருக்கு."

போகாதே என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இத்தனை நாளும் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டது தான் என்றே பெரியவள் நினைத்திருந்தாள். உள்ளே தங்கையும் இருந்தாள் என்பதும், இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணை மாற்றிப் படித்துக்கொண்டிருந்தவள் தானேதான் என்பதும் இப்போது தெரிந்தது. எழுந்து போய்க் கண்ணாடி வந்த பெட்டியை எடுத்து வந்தாள்.

"இது நான் புழங்குற பொருளோட பெட்டி. சட்டப்படி செல்லும். நீ முதல்ல போய் சோப்பு போட்டுக் குளி. கல்யாணப் பொண்ணு இப்படியா இருக்கிறது?"

உள்ளே தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சோப்பு வாசனை கதவிடுக்கு வழியே கசிந்து வந்து அறையை நிறைத்தது. பெரியவள் பெட்டியைப் பிரித்துத் திருப்பி மடித்தாள். புதுக் கண்ணாடியில் மடிப்புகள் தாமாகவே வழிகாட்டின. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் கதவு. சின்னவள் ஈரத் தலையோடு வந்து, பேனாக்களை எடுத்துச் சுவரில் கொடி வரைந்தாள், ஜன்னல்களுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டினாள். உச்சியில் கடிகாரத்துக்கு ஒரு வட்டம் போட்டாள்.

"மணி எத்தனைன்னு வெக்கட்டும்?"

"முள்ளு வரையாதே. ரயில் வர்றப்ப வரட்டும்."

மூலையில், தண்டவாளம் முடிகிற இடத்தில் நிலையத்தை வைத்தார்கள். வெறும் மரப்பலகை மறைந்தது. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கப் பெரியவள் மேஜையின் இந்தப் பக்கம் குனிந்து ஒரு ஜன்னலில் கண்ணை வைத்தாள். அதே நேரம் அந்தப் பக்கம் மண்டியிட்டிருந்த சின்னவளும் கண்ணை வைத்தாள். காலி நிலையத்துக்குள், கண்ணாடித்தாளுக்கு அப்பால், பெரியவள் பார்த்தது தங்கையின் ஒற்றைக் கண்ணை. பெரிதாக, நீர் தளும்ப, இமைக்காமல்.

"பயப்படாதீங்க" என்றாள் பெரியவள், வேலை நேரத்துக் குரலில். "ஆள் வந்துட்டே இருக்காங்க. கதவு திறந்துடும்."

அந்தக் கண் இமைத்தது. தலைமுடியிலிருந்து சோப்பு மணக்கும் ஒரு சொட்டு நீர் தண்டவாளத்தின் மேல் விழுந்து, மெல்ல மெல்ல, நிலையத்தை நோக்கி உருண்டது.