நடு நட்டுகள்

சாக்கில் சுற்றிய இரும்பைத் தோளில் சுமந்துகொண்டு சதேந்திரா வாசலில் நுழைவதை யோகேந்திரா பார்த்தான்.

"அரே தம்பி, ஒன் லாரிக்கு மருந்து கொண்டாந்துட்டேன்!"

சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு இன்டேக் மேனிபோல்டு. சதேந்திராவின் சொந்த லாரி இஞ்சின் கெட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. அதிலிருந்து கழற்றியிருந்தார்.

புலிலேகா கிராமத்தில் அவர்களுடைய கேங் முறை வைத்துத்தான் கரும்பு வெட்டும். எல்லோரும் சேர்ந்து ஒருவர் வயலை முடித்துவிட்டு அடுத்தவர் வயலுக்குப் போவார்கள். இந்த வருஷம் யோகேந்திராவின் வயல் முதலில் வந்தது, சதேந்திராவின் வயல் கடைசியில். இந்தப் பருவத்துக்குச் சர்க்கரை ஆலை மூடுவதற்குள் ஏற்றாவிட்டால் அவர் கரும்பு அப்படியே நிற்கும். ஏற்றுவதற்கு யோகேந்திராவின் லாரியை விட்டால் வேறு லாரியும் இல்லை. ராணுவம் இரண்டாம் தடவையும் ஆட்சியைப் பிடித்த பிறகு, லாரி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள்.

யோகேந்திராவும் போகிறான். சனிக்கிழமை குடும்பத்தோடு கனடாவுக்கு விமானம். லாரியை லம்பாசா டவுனில் இருக்கும் மச்சான் பிறகு விற்றுக்கொள்வதாக ஏற்பாடு. எல்லோரும் சேர்ந்து தன் கரும்பை வெட்டிக் கொடுத்த பிறகு, உங்கள் முறைக்கு நான் இருக்கமாட்டேன் என்று சதேந்திராவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால், "மேனிபோல்டு வெடிச்சுப்போச்சு அண்ணே, சுவாவுலகூட கெடைக்கல" என்று சொல்லியிருந்தான். வெடிப்பு உண்மை. தலைநகரான சுவாவில் அவன் விசாரிக்கவே இல்லை.

இப்போது மேனிபோல்டு முன்னால் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பேனரை எடுத்தான்.

கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலக்கிறது. அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்தான் இன்டேக் மேனிபோல்டு. அதில் ஒரு வெடிப்பு விழுந்தால், கார்புரேட்டருக்குத் தெரியாத காற்று வழியில் புகுந்துவிடும். காற்று கூடி, பெட்ரோல் போதாமல் போகும். சமதரையில் எப்படியோ உருளும் லாரி, கரும்பு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது திணறி நின்றுவிடும்.

பழையதைக் கழற்றி, காற்று கசியாமலிருக்க இடையில் புது கேஸ்கெட் வைத்து, சதேந்திரா கொண்டுவந்ததைப் பொருத்தினார்கள். அதன் நட்டுகளை நடுவில் தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அப்போதுதான் இஞ்சினோடு ஒட்டும் முகம் முழுவதும் ஒரே மாதிரி அழுந்தி உட்காரும். இது யோகேந்திராவின் கைக்கே தெரியும். சதேந்திரா திரும்பி உட்கார்ந்து கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோகேந்திரா ஓரத்து நட்டுகளை இறுக்கினான். நடு நட்டுகளை விரலால் திருகியதோடு விட்டுவிட்டான்.

கார்புரேட்டரையும் மாட்டிக் கிளப்பினார்கள். இஞ்சின் ஏறியது, இறங்கியது, இருமியது.

சதேந்திரா சோப்புத் தண்ணீரை இணைப்பின் மேல் ஊற்றினார். காற்று உறிஞ்சும் இடம் இருந்தால் அது தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். நடுவில் நுரை உள்ளே ஓடி மறைந்தது. சத்தமும் ஒரு கணம் மாறியது.

அவர் முகம் விழுந்துவிட்டது.

"நான் கொண்டாந்ததுதான் வளஞ்சிருக்கு தம்பி. ஜன்னல் லூவர் கண்ணாடியக் கழட்டி, அதுமேல வெச்சு வெச்சுப் பாத்தேன், நேராத்தான் இருந்திச்சு. மண்ணெண்ணெய ஊத்திக் கழுவுனேன். கல்யாணப் பொண்ணக்கூட இப்படிக் குளிப்பாட்டமாட்டாங்கன்னு எம்பொஞ்சாதி ப்ரேமிலா சிரிச்சா. எங்கண்ணு போச்சு. ஒன் பொழுதயும் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்க."

யோகேந்திரா இஞ்சினை நிறுத்தினான். குனிந்து நடு நட்டில் ஸ்பேனரைப் போட்டான். பிடிப்பே இல்லாமல் அது சுற்றியது, மறுபடியும் சுற்றியது, பிறகுதான் இறுகியது. அடுத்ததும் அப்படியே. சதேந்திரா பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி கிளப்பினான். இஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"அது தானா தளராதே," என்றார் சதேந்திரா.

"நாந்தான் இறுக்காம விட்டேன் அண்ணே." யோகேந்திரா இஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சனிக்கெழம கனடா போறோம். ஒங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு."

சதேந்திரா கந்தையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"போறதுல என்னடா வெக்கம்? ஊரே போவுது. சொல்லியிருந்தா ஒம் பொட்டிய நானே தூக்கியாந்து பஸ்சுல ஏத்தியிருப்பேன்." கந்தையை வீசினார். "எங்கரும்ப நிக்கவெச்சுட்டு ஓடப் பாத்தியே, அதுக்குப் படுடா வெக்கம்."

யோகேந்திரா இஞ்சினை அணைத்து, பானெட்டை மூடி, சாவியை நீட்டினான். "லாரிய நீங்க ஓட்டுங்க. ஆலை மூடுறவரைக்கும் விக்க வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லிடறேன்."

சதேந்திரா கையை நீட்டவில்லை.

"பானெட்டு மேல வை."

வைத்தான். அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டு ஏறினார். லாரி செம்மண் மேட்டில் ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறிப் போனது. நட்டுகளைச் சரியாகத்தான் இறுக்கியிருந்தான்.

சத்தம் கேட்டு அவன் மனைவி அஞ்சலை இரண்டு டம்ளரோடு வெளியே வந்தாள்.

"அண்ணன் என்ன டீகூடக் குடிக்காமப் போறாரு?"

அவன் கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினான்.