மண்ணாய் வந்தவன்

புவனோஸ் அயர்ஸைச் செலவில்லாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று கேட்டால் ஸ்ரெல்லா ஒரு புத்தகமே எழுதுவாள். நியூசிலாந்தில், ஈஸ்ட் டாமாக்கிக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கிச் சேர்த்த காசெல்லாம் விமான ரிக்கெற்றோடு சரி. படுக்க, முன்பின் தெரியாத பெண்கள் குறட்டை விடும் அறையில் ஒரு மேல்கட்டில். சாப்பிடப் பாணும் வாழைப்பழமும். டாக்சி என்ற பேச்சே இல்லை, கால்நடைதான். அரண்மனை போன்ற நாடக அரங்கையும், கடக்கக் கடக்க முடியாத அகலத் தெருவையும் வெளியே நின்று பார்க்க நல்லவேளையாக ஒருவரும் காசு கேட்கவில்லை.

ஆனால் அவள் போனது அதைப் பார்க்க அல்ல. நகரத்து ஓரத்தில் ஒரு பொதுச் சேமக்காலையில் அவளுடைய தம்பி ஏர்னஸ்ட் புதைபட்டுக் கிடந்தான். அக்காவும் தாயும் ஓக்லாந்தில் இருக்க, மன்னாரில் தனித்துப்போனவன். நியூசிலாந்து விசாவுக்கு இரண்டு தரம் கேட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், கனடாவுக்கு என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அந்த ஊரில் அவனை இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். நிமோனியா வந்து, பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் செத்துப்போனான், பாவி.

இப்போது ஓக்லாந்தில், த்ரீ கிங்ஸ் வீட்டில் அம்மா படுத்த படுக்கை. டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள்.

"அவன்ர குழியில ஒரு பிடி மண் கொண்டு வா, பிள்ளை. என்ர பெட்டிக்குள்ள போட்டுவிடு. அவனும் என்னோட கிடக்கட்டும்" என்று கேட்டிருந்தாள்.

ஸ்ரெல்லா குழியருகே குந்தியிருந்து விரலாலேயே கிண்டினாள். "அக்கா வந்திருக்கிறன்ரா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஓக்லாந்து விமான நிலையத்தில் பையில் மண் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கருவாட்டை உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் இல்லையா என்ன! ஆனால் தம்பி ஒருதரம் களவாகப் போனதே போதும் என்று அவளுக்குப் பட்டது. ஓம் என்றாள்.

உத்தியோகத்தர் நல்ல பெண். வெளிநாட்டு மண் உள்ளே வரக்கூடாது என்ற சட்டத்தைப் பொறுமையாக விளக்கினாள், மன்னிப்பும் கேட்டாள். பிறகு பொட்டலத்தை வாங்கித் தொட்டியில் போட்டாள். சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்ததையும் கழுவித்தான் கொடுத்தாள்.

வீட்டில் அம்மா கையை நீட்டியபடி கிடந்தாள்.

"கொண்டு வந்தனியோ?"

"கொண்டு வந்தனான் அம்மா. எயார்போட்டில மறிச்சுப்போட்டினம்."

ஸ்ரெல்லா ஏச்சு விழும் என்று நின்றாள். அம்மா ஏசவில்லை. நீட்டிய கையை மெல்ல மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"உயிரோட வரக் கேட்டான், விடேல்லை. இப்ப மண்ணாய் வந்தவனையும் உள்ள விடமாட்டினமாமோ, பிள்ளை?"