பாதி வாக்கியம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்ததும் சத்யபிரியா மாடிக்குப் போய்விடுவாள். அருப்புக்கோட்டை பஜாரில் அப்பா காலத்திலிருந்து நடக்கிற பேப்பர் கடை அது. மேலே சரக்கு அறையில் காகிதக் கட்டுகளை ஓரமாகத் தள்ளி ஒரு மேசை போட்டிருந்தாள். கோயம்புத்தூரில் படிக்கும்போது பழகிய ஆட்டம். கல்யாணம், பிள்ளைகள், கடை என்று எது வந்தபோதும் அதை மட்டும் அவள் விடவில்லை.

ஒருத்தர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இந்த இடத்தில் நான் இதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். புத்தகங்களில் வருகிற பனிமலையும் கோட்டையும் சத்யபிரியாவுக்கு ஒட்டவில்லை. அவள் தானாக ஒரு நாட்டை உண்டாக்கியிருந்தாள். வறண்ட கண்மாய்க்கு அடியில் ஒரு பட்டணம். அதன் வாசலைத் தேடிக் கருவேலங்காட்டுக்குள் அலைகிற ஒரு கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் கொள்ளைக்காரனாக ஆடுகிறவன் நாகராஜ். நரிக்குடிப் பக்கம் குதிரைவாலியும் ஆடுகளுமாகப் பிழைக்கிறவன், பைக்கில் வந்துவிடுவான். தூது போகிறவளாக ஆடுகிறவள் தங்கச்செல்வி. திருச்சுழியில் மருந்துக்கடையில் வேலை. அவளுக்குப் பேச்சு திக்கும். முதல் நாள் ஆளுக்கொரு பாத்திரம் எடுக்கச் சொன்னபோது, வேறு யாரும் வாய் திறக்குமுன் அவள் தூதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் ஒரு சொல்லை எடுத்து முடிக்கிற வரைக்கும் மேசை காத்திருக்கும். எதிரி ராஜாக்களை அவள் மடக்குகிற மடக்கில் நாகராஜ் தொடையில் தட்டிச் சிரிப்பான்.

சத்யபிரியாவின் அண்ணன் உதயகுமார்தான் அந்த ஆப்பைக் கொண்டுவந்தான். சென்னையில் ஒரு கம்பெனி இந்த ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு, கூடவே 'கதைத்துணை' என்று ஒரு ஆப்பும் சேர்த்து விற்கப்போகிறது. ஜில்லாவுக்கு ஏஜென்சி அவனுக்கு. கம்பெனியின் விளம்பர வேலையைக் கவனிக்கிற தனுஷ்கோடியையும் ஒருநாள் கூட்டிவந்தான். இஸ்திரி கலையாத சட்டை, சிரித்த முகம்.

"இந்த ஏரியாவுல வருஷக்கணக்கா ஆடுறது உங்க குழு ஒண்ணுதான் மேடம். நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா போதும்" என்றான்.

"மொதல்ல ஆடிப் பாக்குறோம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் சத்யபிரியா.

ஆடிப் பார்த்தார்கள். அடிபட்டவனுக்கு உயிர் எவ்வளவு மிச்சம், பையில் அம்பு எத்தனை என்கிற கூட்டல் கழித்தலை ஆப் நொடியில் முடித்தது. அது நிஜமாகவே நன்றாக இருந்தது. மழைச் சத்தம்கூடப் போட்டது. "இதுலயாவது பெய்யட்டும்" என்றான் நாகராஜ்.

அப்புறம் பட்டணத்து வாசல் காவலனிடம் தங்கச்செல்வி பேச ஆரம்பித்தாள். "நா... நாங்க த... தண்ணி..." என்பதற்குள் ஆப்பிலிருந்து தேன் குழைத்த குரல் ஒன்று வந்தது. "உங்கள் நேரம் முடிந்தது. அடுத்தவர்."

எல்லோரும் சிரித்தார்கள், தங்கச்செல்வியும். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதே குரல். மூன்றாவது தடவை அவள் பகடையை மேசையில் வைத்துவிட்டு, "நா... நாகராஜண்ணனே பேசட்டும்" என்றாள்.

சத்யபிரியா செட்டிங்ஸ் முழுக்கத் தேடினாள். ஆளுக்கு இத்தனை நொடி என்று ஓடிய கடிகாரத்தை நிறுத்த வழியே இல்லை. அட்டைப்பெட்டியைத் திருப்பினாள். 'உங்கள் மேசையில் இனி யாரும் மௌனமாக இருக்க மாட்டார்கள்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. போனை அணைத்துக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வந்து, "காவலன் கேக்குறான், நீ யாருன்னு. சொல்லு தங்கச்செல்வி" என்றாள். அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

அந்த வாரமே தனுஷ்கோடி கேமராக்காரனோடு வந்துவிட்டான். பேசவேண்டியதை எழுதியும் கொண்டுவந்திருந்தான். 'கதைத்துணை இல்லாமல் எங்களால் ஆடவே முடியாது.' சத்யபிரியா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். கூட வந்திருந்த அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவனுக்காகத்தான் அவள் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். மனதில் பட்டதைச் சொன்னாள்.

"கணக்குப் போடுறதுக்கு ரொம்ப நல்லாருக்கு. ஆனா இந்த ஆப் இல்லாம எங்களால ஆட முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். மெதுவாப் பேசுறவுகள அது பேசவே விட மாட்டேங்குது. அத மாத்துங்க."

"அருமை மேடம்" என்றான் தனுஷ்கோடி.

பத்து நாள் கழித்துத் தங்கச்செல்வியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. கீழே ஒரே ஒரு வரி. 'அக்கா, நீங்களா?'

வீடியோவில் சத்யபிரியா மலர்ந்த முகத்தோடு, "ரொம்ப நல்லாருக்கு. இந்த ஆப் இல்லாம எங்களால ஆட முடியாது" என்றாள். அவ்வளவுதான். பின்னால் வீணை ஒலித்தது.

அதை மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒரு சொல்கூட அவர்கள் கூட்டவில்லை. எல்லாம் அவள் வாயால் வந்ததுதான். வாலை மட்டும் நறுக்கிவிட்டார்கள்.

தனுஷ்கோடிக்குப் போன் போட்டாள். "விளம்பரம்னா கொஞ்சம் சுருக்கத்தான் செய்வோம் மேடம். யாரு முழுசாக் கேக்குறா?" என்றான்.

அண்ணனிடம் போனாள். "ஒனக்கென்ன நட்டம்? நல்லாத்தான தெரியுற அதுல" என்றான் உதயகுமார். "அறிமுக விழாவுக்கு மண்டபம் பிடிச்சாச்சு. ஊருல பெரியவுக எல்லாம் வாராக. நீ மேடையில வந்து நின்னாப் போதும். என் மானத்த வாங்கிராத தாயி."

"மேடைக்கு வாரேன்" என்றாள் சத்யபிரியா.

தங்கச்செல்வியைப் பார்க்கத் திருச்சுழிக்குப் பஸ்ஸில் போனாள். மருந்துக்கடைக் கவுன்டரில் நின்றபடியே நடந்ததைச் சொல்லி, "ஒனக்கு நடந்தத மேடையில சொல்லப்போறேன்" என்றாள்.

தங்கச்செல்வி மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள். "எ... என்னய வச்சு நீங்க பே... பேச வேணாங்க்கா. நா... நானே பேசிக்கிறேன்."

விழாவன்று கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. வியாபாரிகள், கல்லூரிப் பிள்ளைகள், பின்வரிசையில் தங்கச்செல்வியும் நாகராஜும். திரையில் அந்த வீடியோ ஓடியது. கைதட்டல். இந்த ஆட்டத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே தன் கம்பெனிதான் என்று பேசி முடித்த தனுஷ்கோடி, மைக்கைச் சத்யபிரியா கையில் கொடுத்து, "நம்ம ஊர் நட்சத்திரம்!" என்றான்.

"வணக்கம்" என்றாள். "இப்ப நீங்க கேட்டதுல பாதி வாக்கியத்தக் காணோம். மீதி என்கிட்ட இருக்கு, கேட்டுக்கோங்க. 'இந்த ஆப் இல்லாம எங்களால ஆட முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.' இதத்தான் சொன்னேன். வால அறுத்துட்டு என் மூஞ்சிய ஒட்ட வச்சுட்டாக."

மண்டபத்தில் சலசலப்பு. முன்வரிசையில் உதயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். தனுஷ்கோடி மைக் செட்காரருக்குக் கையைக் காட்டினான். மைக் செத்தது. சத்யபிரியா அதைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து சத்தமாகவே பேசினாள்.

"கூட்டல் கழித்தலுக்கு நல்லாருக்கு, இப்பவும் சொல்றேன். அதுக்கு வாங்குறவுக தாராளமா வாங்குங்க. எங்க அண்ணன்கிட்டயே கிடைக்கும். ஆனா ஆட்டத்த இவுகதான் நம்ம ஊருக்குக் கொண்டாந்த மாதிரிச் சொன்னா அது பொய்யி. இவுக வாரதுக்கு முன்னாலயே நாங்க ஆடிக்கிட்டுத்தான் இருக்கோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பாருங்க. காசு வேணாம், ஆப்பும் வேணாம்."

பின்வரிசையில் தங்கச்செல்வி எழுந்தாள். "ஒ... ஒரு கேள்வி" என்றாள். எல்லாத் தலையும் திரும்பியது.

"உ... உங்க ஆப்புல க... கடிகாரத்த எ..." சொல் சிக்கியது. யாரோ ஒரு பையன் சிரித்தான். ரெண்டு பேர் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போனார்கள். நாகராஜ் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். தங்கச்செல்வி முகம் சிவந்தது. உட்காரவில்லை. "எ... எப்படி நி... நிறுத்துறது?"

"அது... அடுத்த வெர்ஷன்ல வருது மேடம்" என்றான் தனுஷ்கோடி.

"அப்ப யா... யாரும் மௌனமா இருக்க மா... மாட்டாங்கன்னு இ... இப்பவே ஏன் அச்சடிச்சீங்க?"

தனுஷ்கோடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெரியவர், "கேக்குறாகள்ல, சொல்லுங்க தம்பி" என்றார். அவன் திரும்பி, மைக்கைப் போடச் சொல்லி, அடுத்து சாப்பாடு என்று அறிவித்தான்.

உதயகுமார் அன்றிலிருந்து தங்கையோடு பேசவில்லை. பொங்கலுக்கு மதினியின் கையில் கரும்பு மட்டும் கொடுத்தனுப்பினான். அது சத்யபிரியாவுக்கு வலித்தது, கரும்பை வாங்கிக்கொண்டாள். மேசைக்குப் புதிதாக மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் மண்டபத்தில் சிரித்த அந்தப் பையன். தங்கச்செல்வி அவனைத் தன் கூடையைத் தூக்குகிற ஆளாகக் கதைக்குள் சேர்த்துக்கொண்டாள்.

நாகராஜ் எடுத்த வீடியோ ஜில்லா முழுக்கச் சுற்றியது. மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து வேறொரு குரல் போனில் வந்தது. அவர்களுடைய விளம்பரத்தை நீக்கிவிட்டார்களாம். பதிலுக்கு இவர்களும் அந்த மண்டபத்து வீடியோவை நீக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம்.

"நீங்க போட்டது பொய்யி, அதனால நீக்குனீக" என்றாள் சத்யபிரியா. "எங்க வீடியோவுல என்ன பொய்யி இருக்கு, சொல்லுங்க."

"பொய்னு நாங்க சொல்லல மேடம். பிசினஸ் பாதிக்குது."

"அப்ப நீக்க மாட்டோம். நோட்டீஸ தாராளமா அனுப்புங்க. பேப்பர் கடை, பஜார், அருப்புக்கோட்டைன்னு போட்டாலே வந்துரும்."

போனை வைத்துவிட்டு, அளவுகோல் கேட்டு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கத் திரும்பினாள்.