ஞானசௌந்தரி கேம்ப் போகிறாள்

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம். போதகர் அறிவிப்புகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞானசௌந்தரி கைப்பைக்குள் பெப்பர்மின்ட் தேடிக்கொண்டிருந்தாள்.

"நம்ம சபையின் அருமையான சகோதரி ஞானசௌந்தரி அம்மா அடுத்த வாரம் இத்தாலி தேசத்துக்கு ஒரு கேம்ப்புக்குப் போகிறார்கள். அவர்களுடைய ஊழியத்துக்காக விசேஷமா ஜெபிப்போம். அம்மா, முன்னால வாங்க."

பைக்குள் விட்ட கை அப்படியே நின்றது. ஊழியமா? யார் சொன்னது?

இந்தச் செகந்திராபாத் தமிழ்ச் சபையில் கேம்ப் என்றால் ஒன்றுதான். விடிவதற்கு முன் எழுப்பி விடுவார்கள், பாட்டு, வேதபாடம், சாட்சி, நீர்த்த சாம்பார். அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். இறந்துபோன புருஷன் எட்வர்ட் ரயில்வே இன்ஸ்பெக்டராக இருந்தவர். காசிப்பேட்டை, டோர்னக்கல் என்று பாதி நாள் வெளியூர் டூட்டியில் லைனில்தான் இருப்பார். வாசலில் வந்து கேட்பவர்களிடம் "சார் கேம்ப்" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு நரை விழுந்தது. உனக்கு எப்போது கேம்ப் என்று ஒரு பாவியும் கேட்டதில்லை.

இப்போது மகன் ஷெர்வினும் மருமகள் பிளெசியும் கூட்டிப்போவதாகச் சொன்ன கேம்ப் மூன்றாவது வகை. ரோமும் இல்லை, வெனிஸும் இல்லை. மொலீசே. டிக்கெட் போட்ட ஏஜென்டே "அது எங்கேங்க இருக்கு?" என்று கேட்டான். ஒரு பக்கம் கடல், திரும்பினால் மலை. கடலோரம் கொஞ்ச நாள், மலைமேல் கொஞ்ச நாள், எங்கே போனாலும் டென்ட்தான். ஃபோனில் படத்தைக் காட்டியபோதே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வயதில் இப்படி ஒரு ஆசை வரும் என்று அவளே நினைக்கவில்லை.

பக்கத்தில் ஷெர்வின் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீதான் சொன்னியா?"

"அம்மா, ப்ளீஸ். அப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. ஜாலியா டூர் போறீங்கன்னு தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ஊழியம்னா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. போயி நின்னுட்டு வந்துருங்க."

"நக்கோ, வேணாம்னு நான் அப்பவே சொன்னேன் அத்தே," என்றாள் பிளெசி மறுபக்கத்திலிருந்து.

ஞானசௌந்தரிக்குக் காது மடல் சுட்டது. அதே டென்டில் இவன் படுத்தால் ஹாலிடே, பெற்றவள் படுத்தால் ஊழியமா? ஆசைப்பட்டதற்கு மன்னிப்புச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் அவள் விமானம் ஏற வேண்டுமோ? அவள் எழுந்து நடந்த வேகத்தில் செருப்புச் சத்தம் பீடம்வரை கேட்டது.

கமிட்டிப் பெரியவர் தேவசகாயம் மைக்கை நீட்டினார். "அங்க எத்தன கூட்டத்துல பேசப் போறிய தங்கச்சி? ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் திரும்பி வந்தபின் கடலைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவள் மைக்கை வாங்கினாள்.

"கூட்டம் ஒண்ணும் இல்ல அண்ணே. ஊழியமும் இல்ல. கடல்ல குளிக்கப் போறேன். மலையில நடக்கப் போறேன். டென்ட்ல படுத்துத் தூங்கப் போறேன். சும்மாதான் போறேன்."

 பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே பேசியது: "புருஷன் செத்து வருஷம்கூட திரும்பல."

ஞானசௌந்தரி அந்தப் பக்கம் திரும்பினாள். 

"அவரு படுக்கையில கெடந்தப்ப பீ மூத்திரம் அள்ளுனேன். அப்ப நான் வருஷத்த எண்ணல. நீங்களும் யாரும் வந்து எண்ணல. இப்ப மட்டும் எதுக்கு எண்ணுதிய?"

 போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். பாவம், அவர் என்ன செய்வார்.

"அப்போ... எதுக்காக ஜெபிக்கட்டும் அம்மா?"

"அங்க மழை பெய்யாம இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க ஐயா," என்றாள் அவள். "அப்படியே என் மகனுக்காகவும். அம்மா சும்மா போறதுக்கு வெக்கப்பட்டுக் கோயில்ல பொய் சொல்லியிருக்கான்."