வெற்றுக்குரைப்பு

வல்ஃப்ரிட் லாந்தோ தன் எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு நாயைப் பொய்க்காரி என்று சொன்னார். அதுவும் ஊர் வேட்டைச் சங்கத்துக் கொட்டகையில், காப்பி குடித்துக்கொண்டிருந்த பதினான்கு பேர் முன்னால். சுவீடனின் வடகோடியில், டோர்னே ஆற்றங்கரையில் ஒருவன் வரி ஏய்த்தான் என்றால் சிரிப்பார்கள். பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினான் என்றால் மூன்று மாதம் பேசி மறப்பார்கள். ஆனால் நாய் வெறும் மரத்தைப் பார்த்துக் குரைக்கிறது என்று அதை வளர்த்தவனே சொல்லிவிட்டால் அதன் கதை அன்றோடு முடிந்தது. அதன் குட்டியைக்கூட யாரும் சீண்ட மாட்டார்கள்.

வெற்றுக்குரைப்பு என்று அதற்குப் பெயர். மரத்தில் பறவை இல்லாமல் குரைப்பது.

அந்த நாயின் பெயர் ஹில்லா. சதுப்பில் பழுக்கும் மஞ்சள் பழத்தின் பெயர்தான் அது. வெள்ளை உடம்பில் அந்தப் பழத்தின் நிறத்தில் திட்டுகள், விறைத்த காது, முதுகின் மேல் சுருட்டிய வால். முழங்கால் உயரம்தான் இருப்பாள். நார்போட்டன் ஸ்பிட்ஸ் இனம் முழுக்க அந்த உயரம்தான். ஒரு காலத்தில் ஸ்டாக்ஹோமில் இருந்தவர்கள் இந்த இனமே அழிந்துவிட்டதென்று பதிவேட்டை மூடிவைத்தார்கள். அப்போது வல்ஃப்ரிட்டின் அப்பா வீட்டில் மேசைக்கடியில் அதில் மூன்று படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. தலைநகரத்துக்காரர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த நாய்க்கு வேட்டையில் ஒரே வேலை. காட்டில் முன்னால் ஓடி, வான்கோழி அளவு இருக்கும் காட்டுச்சேவலைக் கிளப்பி மரத்தில் ஏற்றி, அடியில் நின்று விடாமல் குரைக்க வேண்டும். சேவல் கீழே இந்தச் சிறு சனியனை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தத்தின் மறைவில் மனிதன் அடி எடுத்து வைக்கலாம். குரைப்பு நின்றால் அவனும் நிற்க வேண்டும். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பறவை தெரியவில்லையென்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், மரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். நாயை மட்டும் மரத்தடியிலிருந்து இழுக்கக் கூடாது. வல்ஃப்ரிட்டே முப்பது வருடம் சங்கத்தில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "உன் கண்ணுக்குத் தெரியலன்னா அது நாயோட குத்தமில்லடா."

போன இலையுதிர் காலத்தில் அவர் ஹில்லாவைப் பதினோரு மரங்களிலிருந்து இழுத்தார்.

முதல் மரத்தில் பத்து நிமிடம் பார்த்தார். பைன் மரத்தின் உச்சி வெள்ளையாய் மின்னும் வானத்துக்குள் கரைந்து கிடந்தது. இரண்டாவதில் ஐந்து நிமிடம். நான்காவதிலிருந்து நேராகப் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். அவள் இழுபடும்போதும் தலையைத் திருப்பி மேலே பார்த்துக் குரைத்தாள். பதினோராவது மரம், ஓடை வளைவில் இருக்கும் இரட்டைப் பைன், அங்கே வாரைக் கழற்றி அவளை இரண்டு அடி அடித்தார். கரடி வந்தாலும் பின்வாங்காத இனம் அது. ஆனால் தன் ஆள் முகம் சுளித்தால் போதும், சுருண்டுவிடும். ஹில்லா கத்தவில்லை. ஈரத் தரையோடு ஒட்டிக் கிடந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

உள்ளூரில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால் ஹப்பராண்டா நகரத்தில் இங்கேலா என்ற பல் மருத்துவமனை ஊழியரிடம் வளர்ப்பு நாயாகக் கொடுத்தார். ஒரு பக்கத்துக்குக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். குளிப்பாட்ட வேண்டாம், சீப்புப் போதும். பனி உருகும்போது முடி கொட்டும், பயப்படாதீர்கள். தினமும் ஓட விடுங்கள், சும்மா கிடந்தால் வீட்டைப் பிரித்துவிடுவாள். அதட்டாதீர்கள், மனது விட்டுவிடும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது அவருக்குக் கை கூசவில்லை.

ஏப்ரலில் வலது கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். அதற்கு முன்னால் ரொட்டிப் பொட்டலத்தில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்றும், சமையலறை விளக்குச் சரியில்லை என்றும் ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்தான். கட்டுப் பிரித்த மறு வாரம் பனிச்சறுக்குக் கட்டைகளைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். ஓடை வளைவு இரட்டைப் பைனின் உச்சியில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. அதன் கண்ணுக்கு மேலிருந்த சிவப்புகூடத் தெரிந்தது.

என்ன தோன்றியதோ, வலது கண்ணைக் கையால் பொத்தினார். புரை எடுக்காத இடது கண்ணுக்கு மரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, சேவல் இல்லை. கையை எடுத்தார். சேவல் இருந்தது. மறுபடி பொத்தினார். எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் சேவல் அலுத்துப்போய்ப் பறந்தது. அவர் பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

செத்துப்போன மனைவியின் தம்பி எவர்ட்டிடம் மட்டும் இதைச் சொன்னார். எவர்ட் அந்தப் பக்கத்து வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டே கேட்டான்.

"அப்போ பொய் சொன்னது யாரு மச்சான்?"

"நாந்தான்."

"சங்கத்துல சொல்லுவியா?"

"சொல்லிட்டுத்தான் அவளைக் கூட்டியார போவேன்."

"நீ சொல்லுவ. எவன் வாயத் தொறக்கப் போறான்? பாதிப் பேரு உன்னயவிடக் குருடு." எவர்ட் கட்டியைக் கரண்டியால் எடுத்து மென்றான். "ஆனா குடுத்த நாயத் திருப்பிக் கேக்குறது அசிங்கம். அந்தம்மா தராது."

"கேட்டுப் பாக்குறேன். இல்லாட்டி கால்ல விழுறேன்."

"எந்திரிக்க முடியுமா உன்னால?"

சங்கத்தில் எழுந்து நின்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இடது கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. ஆகஸ்ட் கடைசியில் வேட்டைக் காலம் தொடங்கியதும் ஹப்பராண்டாவுக்கு வண்டியை விட்டார். ஒரு நாள் மட்டும் காட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கேட்க வேண்டும். அவள் குரைக்கிற மரத்தடியில் நின்று ஒரே ஒரு சேவலைச் சுட்டு அவள் முன்னால் போட வேண்டும். அப்புறம் சாயங்காலம், இவள் காட்டுக்குப் பிறந்தவள், கொடுத்துவிடும்மா என்று கேட்டுவிட வேண்டும். நூறு மைல் வழியும் இதையே மனப்பாடம் செய்தார்.

இங்கேலா நல்ல பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், கால்சட்டை முழுக்க வெள்ளை முடி. மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். ஹில்லா வந்து அவர் கையை முகர்ந்தாள், வாலை ஆட்டினாள், பிறகு இங்கேலாவின் காலடியில் போய் உட்கார்ந்தாள். கோபம் காட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாய் இருந்திருக்கும்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. அவளுக்கும் ஒரு மாத்தமா இருக்கும்," என்றாள் இங்கேலா. "முதல்ல வந்தப்போ கீழ்வீட்டுக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. அவ்வளவு குரைப்பு. அப்புறம் நான் பொறுமையா பழக்கினேன். வாயைத் திறக்காம இருந்தா ஒரு துண்டு ஈரல். எட்டு மாசம் ஆச்சு. அடிக்கவே இல்ல, நீங்க எழுதின மாதிரி அதட்டக்கூட இல்ல."

வல்ஃப்ரிட் ஏதோ சொல்ல வாயெடுத்து, "நல்லதும்மா," என்றார்.

காட்டில் அவிழ்த்துவிட்டதும் ஹில்லா ஒரு கணம் திகைத்து நின்றாள். அப்புறம் மூக்கு தரைக்குப் போனது, ஓடினாள். கழுத்துப்பட்டையில் கட்டிய கருவி கைபேசியில் அவள் போகும் வழியைக் கோடாய்க் காட்டியது. அரை மணி கழித்துக் கோடு நின்றது. முந்நூறு மீட்டர். குரைப்பு வரும் என்று துப்பாக்கியை இறக்கிக் காத்திருந்தார். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். சத்தமே இல்லை.

சத்தத்தின் மறைவு இல்லாமல், சுள்ளி முறியாமல், பாசியின் மேல் பாதம் பாதமாகப் போனார். ஒரு தனிப் பைன் மரத்தடியில் ஹில்லா நின்றிருந்தாள். தலை மேலே நிமிர்ந்திருந்தது, வால் ஆடிக்கொண்டிருந்தது, உடம்பெல்லாம் நடுங்கியது. வாய் மட்டும் மூடியிருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே கிளையில் சேவல் இருந்தது. பெரியது. இப்போது இரண்டு கண்ணாலும் அதைப் பார்த்தார்.

அவர் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் ஹில்லா அவரைப் பார்த்துவிட்டாள். காது பின்னால் மடிந்தது. வால் இறங்கியது. அவள் தானாகவே மரத்தை விட்டு விலகி, தாழ்ந்து தாழ்ந்து அவரிடம் நடந்து வந்தாள். வந்து, கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பட்டை அவர் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லடி," என்றார் வல்ஃப்ரிட். "போ. அங்கதான் இருக்கு. எனக்குத் தெரியுது. குரைடி தங்கம்."

அவர் குரல் கேட்டதும் சேவல் கிளையை உதறிக்கொண்டு பறந்தது. ஹில்லா தலையைக்கூடத் திருப்பவில்லை. இழுத்துக்கொண்டு போவார் என்று காத்திருந்தாள். அவர் மண்டியிட்டு அவள் கழுத்தில் முகத்தை வைத்து, நீ பொய் சொல்லலடி, நீ ஒரு நாளும் பொய் சொல்லல என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அவள் அசையாமல் பொறுத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் வாரை மாட்டினார். மாட்டிய பிறகுதான் அவள் மூச்சு சீரானது.

சாயங்காலம் மூன்றாவது மாடியில் இங்கேலா கதவைத் திறந்தாள்.

"தொந்தரவு பண்ணினாளா? குரைச்சாளா?"

"இல்லம்மா. ஒரு சத்தம் இல்ல."

இங்கேலாவின் முகம் மலர்ந்தது. "காட்டுலயும்கூடவா? சமத்துடி நீ," என்று குனிந்து முத்தமிட்டு, உள்ளே போய் ஈரல் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். ஹில்லா அதை மென்மையாக வாங்கித் தின்றாள்.

"உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிங்க. காலைல ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டீங்களே?"

வல்ஃப்ரிட் வாசலிலேயே நின்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது அவ்வளவும் நாக்கில் இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நல்லா பாத்துக்கோ."