பெரட்டில் கூப்பிட்ட பெயர்

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கனகலிங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வந்து நிற்கும் நூற்றிருபது பேரையும் புத்தகத்தைத் திறக்காமலே வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதைக் கேட்டுத் தோட்டத் துரை ஒருமுறை தலையசைத்தாராம். அதையும் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டுத் தெரிவித்த மனிதர்.

அந்த நாக்குதான் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. "பெரியநாயகி" என்றதும் "பெத்தம்மாள்" என்று தானாக ஓடிவிடுகிறது. பெத்தம்மாள் பால்வெட்டும்போது மரத்தடியில் விழுந்து செத்து மூன்று வாரமாகிறது. அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்ததும் இவரே. புத்தகத்தைப் பார்த்துப் படித்தாலும் அதே கதைதான்.

முதல் நாள் சனம் சிரித்தது. நான்காம் நாள் யாரும் சிரிக்கவில்லை. பெயருக்குப் பின் வந்த மௌனத்தில் ஒரு பெண் இருமினாள். அது அவருக்கு மட்டுமே கேட்டது.

வீட்டில் தூக்கத்திலும் அதே பெயர். மனைவி யோகம் காலையில் தோசைத் தட்டை நங்கென்று வைத்தாள். "இஞ்சேருங்கோ, ஆர் அந்தப் பெத்தம்மாள்?"

தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அதற்குள் கண்ணும் மூக்கும் வைத்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஏதாவது இருந்து தொலைத்திருந்தால் தேவலை என்று அவருக்கே தோன்றியது.

உள்ளே கிடந்தது வேறு. "காய்ச்சலுங்க அய்யா" என்று, செத்த அன்று காலை பெத்தம்மாள் இருமிக்கொண்டே வந்து நின்றாள். "நடியாதை, போ" என்று விரட்டியவர் அவர். துரை விசாரித்தபோதோ, அவள் வாயே திறக்கவில்லை என்று சாதித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைப் பெரட்டில் மறுபடியும் அந்தப் பெயர், மறுபடியும் அந்த இருமல். கனகலிங்கம் புத்தகத்தை மூடினார்.

"காய்ச்சல் எண்டு என்னட்டைச் சொன்னவள்" என்றார். "நான்தான் வேலைக்குப் போகச் சொன்னனான்."

அடி விழும், காறித் துப்புவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"தெரியும்ங்க அய்யா" என்றான் பெத்தம்மாளின் புருஷன் நல்லமுத்து. "பக்கத்துலதானே நின்னேன்."

"இங்க யாருக்குங்க தெரியாது?" என்றாள் பின்வரிசைக் காளியம்மா. "தொரைக்குத்தான் தெரியாது. அங்க போய்ச் சொல்லுங்க."

மேட்டில் துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. சொன்னால் வேலை போகும், வீடு போகும். யாழ்ப்பாணத்துக்கு வேறு விதமான கடிதம் எழுத வேண்டிவரும்.

புத்தகத்தை நல்லமுத்து கையில் கொடுத்துவிட்டு அவர் நடந்தார். நூற்றுப் பத்தொன்பது பேரும் வாளியைத் தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருமல் மட்டும் அவர் கூடவே மேடேறியது.