ஊஃபர் சித்தர்

எங்கள் வீட்டுக்கு அடியில் சித்தர் யாரும் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. திருவண்ணாமலையில் ஒருவன் வாசலில் நின்று "இங்கே சித்தர் இல்லை" என்று கத்தினால், ரோட்டில் போகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பான். ஊர் அப்படி.

இருந்தது ஓர் ஊஃபர். தரை அதிரும் கனத்த சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர், பிரிட்ஜில் பாதி உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பெட்டி. முன் அறையில் ஜன்னலுக்குக் கீழே, தரையில் வைத்திருந்தேன்.

என் பெயர் சகாதேவன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன், வீடும் அங்கேயே. சாயங்காலமானால் ஆர்கன் வாசிப்பேன். சர்ச்சில் சுவர் முழுக்கக் குழல் குழலாக நிற்குமே, அந்த ஆர்கன். அவ்வளவு பெரிய வஸ்துவை வாடகை வீட்டில் எங்கே நிறுத்துவது? அதற்காக ஒரு மென்பொருள் இருக்கிறது. ஜெர்மனியில் ஏதோ ஒரு கிராமத்து சர்ச்சில் முந்நூறு வருடமாக நிற்கும் ஆர்கனின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டிருக்கிறார்கள். நான் இங்கே ஒரு கட்டையை அழுத்தினால் அங்கே பிடித்து வைத்த குழல் ஊதும். கைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டு. காலால் மிதித்து வாசிக்க வேண்டிய நீளக் கட்டைகளைக் கட்டில் கடை மக்பூல் பாய் செய்து கொடுத்தார். படத்தைக் காட்டியபோது அவர் அசரவே இல்லை. "கட்டில் சட்டம்தானே சார் இது? அடியில ஸ்பிரிங் வச்சா முடிஞ்சுது. ஆனா இதுல எப்படி படுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாசிப்பது ஃபியூக் என்கிற மேல்நாட்டு உருப்படி. ஒரு சின்ன மெட்டு தனியாகக் கிளம்பும். அது கொஞ்ச தூரம் போனதும் அதே மெட்டு இன்னொரு குரலில் பின்னாலேயே கிளம்பும். அப்புறம் மூன்றாவது. கடைசியில் காலடியில் நாலாவது. பௌர்ணமிக் கிரிவலம் மாதிரிதான். ஒரே ரோடு, அவரவர் கிளம்பும் நேரம் வேறு, வழியெல்லாம் இடித்துக்கொண்டு நடந்து கடைசியில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். மொத்தம் எட்டு நிமிடம். இதை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

கேட்க ஆள் கிடைக்கவில்லை. என் மனைவி ரேவதி தபால் ஆபீஸில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வருகிறவள். பாவம் என்று உட்காருவாள். இரண்டாவது குரல் கிளம்பும்போது "ஐயோ, பால் பொங்கிடும்" என்று எழுந்துவிடுவாள். அடுப்பில் பாலே இருக்காது. மக்பூல் பாயைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர் பாதியில் என் தோளைத் தட்டினார். "சார், எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்களே, யாரு பேச்சக் கேக்கறது?" மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் ஜோதியம்மாளுக்கோ கேள்வியே கிடையாது. "சத்தம் ரொம்ப ஜாஸ்தி சார். என் பாத்திர அலமாரி ஆடுது. பொட்டிய எடுங்க, இல்லன்னா வீட்ட காலி பண்ணுங்க" என்று கெடு வைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் விமல்ராஜ் வந்து சேர்ந்தான்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நிஜ ஆர்கனுக்குக் காற்று வேண்டும். அதற்குத் துருத்தி இருக்கும். பதிவு செய்த மகானுபாவர்கள் அந்தத் துருத்தி மூச்சு விடுவதையும் சேர்த்தே பதிவு செய்திருந்தார்கள். வாசிக்காமல் ஆன் செய்து வைத்தாலே போதும், 'உம்ம்ம்' என்று ஒரு காற்று மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வேண்டாமென்றால் அதை மட்டும் குறைக்கத் தனி ஸ்விட்ச் உண்டு. நான் குறைத்ததில்லை. அந்த மூச்சு இருந்தால்தான் பெரிய சர்ச்சுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருக்கும்.

அன்றைக்கு ஆன் செய்துவிட்டு காபி குடிக்க உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே தாடி வைத்த ஓர் இளைஞன் வெறுங்காலோடு கண்ணை மூடி நிற்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன். வாடகை குறைவாக வீடு தேடி வேங்கிக்கால் வந்திருக்கிறான்.

"யாருங்க வேணும்?"

"சார், கால்ல தெரியுது. கீழ ஒருத்தர் மூச்சு விடறார்."

"அது கம்ப்யூட்டருங்க."

"கம்ப்யூட்டர் ஒரு கருவி சார். நம்ம உடம்பு கூட கருவிதான்."

கம்ப்யூட்டர் படித்த பையன் பார்த்தால் புரிந்துகொள்வான் என்று நம்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரைக் காட்டினேன், ஊஃபரைக் காட்டினேன், கடைசியாக ஸ்விட்சை அணைத்துக் காட்டினேன். சத்தம் நின்றது. விமல்ராஜின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா? சந்தேகப்பட்டதும் மௌனமாயிட்டார்."

திரும்ப ஆன் செய்தேன். மூச்சு வந்தது. "மன்னிச்சிட்டார்" என்றான்.

அடுத்த வாரத்துக்குள் கேட்டுக்கு முன்னால் செருப்புகள் குவிந்தன. ஆட்டோக்காரர்கள் "ஜீவசமாதி, ஜீவசமாதி" என்று கூப்பிட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளூர்க்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், வெள்ளை வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள், எல்லோரும் எங்கள் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ரேவதி காய்கறிப் பையோடு மண்டைகளைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் வந்தாள். ஜோதியம்மாள் கெடுவை மறந்துபோனாள். வெள்ளிக்கிழமை என் ஊஃபருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றினாள். "கரண்டு போனா இன்னா சார் பண்றது? இன்வெர்ட்டர் போட்டுடலாமா?" என்று கவலைப்பட்டாள். அலமாரி ஆடுவது இப்போது அருளாகிவிட்டது.

கூட்டத்தில் ஒரு ஜெர்மன் அம்மாள் தினமும் வந்து தினமும் அழுதாள். விசாரித்தால் அவள் பிறந்த ஊர் அந்த ஆர்கன் இருக்கும் கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடையாளம் கண்டுகொண்டுவிட்டாள், இவள் ஒருத்தி போதும் என்று நினைத்தேன். மொழிபெயர்க்க விமல்ராஜை இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"இந்த மூச்சு அவங்க ஊர் சர்ச்சுல கிடையவே கிடையாதாம் சார். இதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தாங்களாம்."

அன்றோடு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் நான் மனிதன்தானே, சபலம் யாரை விட்டது? ஒரு மெட்டைக் கேட்க ஒருவர் கிடைக்காமல் அலைந்தவன் வீட்டு வாசலில் தெரு நிறைய ஆட்கள், அதுவும் அசையாமல், பேசாமல். ஒரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்து, சட்டை மாற்றிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஃபியூக்கைத் தொடங்கினேன். இரண்டாவது குரல் கிளம்புவதற்குள் விமல்ராஜ் ஜன்னலில் நின்றான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பாட்ட கொஞ்சம் நிறுத்துங்க. சித்தர் மூச்சு கேக்கல."

"இது என் வீடுய்யா!"

"எல்லாமே அவர் வீடுதானே சார்."

அடுத்த திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்துக்குத் தெருவாசிகள், பக்தர்கள் சார்பாக ஒரு மனு வந்தது. சித்தர் இருக்கும் இடத்தில் குடியிருப்பவர் ஆர்மோனியம் வாசித்துத் தியானத்தைக் கெடுக்கிறார், தடுத்து உதவ வேண்டும் என்று மனு. அது சுற்றி வந்து என் மேஜைக்கே வந்தது. ஆர்மோனியம் என்று எழுதியதுதான் எனக்கு வலித்தது. 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்ய?

அன்று முதல் நான் வாசிக்கவில்லை. ஆறு மணிக்கு ஆன் செய்வேன், காபி குடிப்பேன், ஜன்னல் வழியாக ஊரைப் பார்ப்பேன். காலுக்குக் கீழே மக்பூல் பாயின் கட்டைகள் சும்மா கிடந்தன. எனக்கு அழுகையாக வந்தது. என் சித்தரே எனக்குப் போட்டியாகிவிட்டார்.

ரேவதி நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் காய் நறுக்கிய கத்தியோடு முன் அறைக்கு வந்து நின்றாள்.

"வாசிச்சா எனக்கு தலவலி. நீங்க இப்படி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்தா அத விட தலவலி. வாசிங்க."

"விட மாட்டேங்கறாங்களே."

"கோயில்ல திரை போட்டா எவனாவது கேள்வி கேக்கறானா? உள்ள அபிஷேகமோ அலங்காரமோ, ஐயரு இன்னா பண்ணாலும் திரை விலகற வரிக்கும் அத்தினி பேரும் நிக்கறான். ஜன்னலுக்கு திரை போடுங்க. வாசிச்சு முடிச்சதும் நான் விலக்கறேன், அப்ப மூச்ச விடுங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவளுடைய பழைய அரக்குப் பட்டுப் புடவை ஒன்றை மடித்துக் கயிற்றில் கோத்து ஜன்னலுக்குக் கட்டினோம். மறுநாள் ஆறு மணிக்கு ஜோதியம்மாளே வாசலில் நின்று, "திரை போட்டிருக்கு, யாரும் எழுந்து போவாதீங்க" என்று அறிவித்தாள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. விமல்ராஜ் கை கூப்பினான். நான் மூச்சின் ஸ்விட்சைச் சுத்தமாகக் குறைத்தேன். ரேவதி கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எப்ப முடியும்னு எப்படி தெரியும்?" என்றாள்.

"கேட்டா தெரியும்."

தொடங்கினேன். முதல் குரல் கிளம்பியது. இரண்டாவது கிளம்பியது. பால் பொங்கவில்லை. மூன்றாவது நடந்துகொண்டிருக்கும்போது திரையின் ஓர ஓட்டை வழியாக வெளியே ஒரு கண் போட்டேன். என் ஆவல் எனக்குத்தானே தெரியும்! கோயிலில் திரைக்கு முன்னால் நிற்கிற ஜனம் என்ன செய்யுமோ அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் மெசேஜ் பார்த்தார். இரண்டு பெண்கள் சம்பந்தம் பேசினார்கள். ஜெர்மன் அம்மாள் சுண்டல் சாப்பிட்டாள். விமல்ராஜ் நன்றாகவே கொட்டாவி விட்டான். தெரு நிறையக் காதுகள் இருந்தன. ஒன்றுகூட என் பக்கம் இல்லை.

இதோடு போதும், இப்படியே நிறுத்திவிட்டுத் திரையை விலக்கச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன்.

ரேவதி என்னைப் பார்க்கவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தபால் ஆபீஸில் எடை போடும்போது முள் நிற்கும் வரை அவள் அப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது. நான் நிறுத்தவில்லை. நாலாவது குரலைக் காலால் இறக்கினேன். ஜன்னல் அதிர்ந்தது, மாடியில் பாத்திரம் ஆடியது. வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வாசித்ததில்லை. கடைசிக் கட்டையிலிருந்து காலை எடுத்தேன். ஜெர்மனியின் அந்தச் சர்ச்சில் எதிரொலி சுற்றிவிட்டு அடங்கியது.

ரேவதி திரையை விலக்கவில்லை.

"நடுவுல ஒரு எடத்துல முடிஞ்சிட்ட மாதிரி பெருசா ஒண்ணு வந்துச்சே, காலால வாசிச்சீங்களே. அப்ப இழுத்துடலாம்னு கயிற புடிச்சிட்டேன்."

"ஏன் இழுக்கல?"

"முதல்ல கிளம்பிப் போச்சே ஒண்ணு, அது இன்னும் திரும்பி வர்ல. அது வராம எப்படி முடியும்?"

பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். சந்தோஷமாகத்தான் அழுதேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரு குரல் எழுந்தது, தெருவே திரும்பச் சொன்னது. ஜோதியம்மாள் கதவைத் தட்டினாள். "சார், திரைய எடுங்க சார், ஜனங்க காத்துனு இருக்காங்க."

ரேவதி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கதவைப் பார்த்து, "அலங்காரம் இன்னும் முடியலம்மா" என்று சத்தமாகச் சொன்னாள்.

என்னிடம் திரும்பி, "அந்த ரெண்டாவதா கிளம்பினது எங்க போச்சுன்னே தெரியல. இன்னொரு வாட்டி வாசிங்க" என்றாள்.